கற்றை அறுந்தால் யாருக்கு வழி: வன்னியில் வயர்லெஸ் வயர் கியூப்

ஏ9 வீதிக்கு இந்தப் பக்கம் அரிசி ஆலை, அந்தப் பக்கம் களஞ்சியமும் தராசும். நடுவில் 450 மீற்றர். இணைய இணைப்பு ஆலையில் இருக்கிறது. களஞ்சியத்தில் எட்டுக் கமெரா, ஒரு பில் கணினி, ஒரு ஐபி தொலைபேசி. வயர் இழுக்க நினைத்தால் வீதியைக் கடக்க வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் அனுமதி எடுக்கவேண்டும். கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் வீதியோரமாக வளர்ந்த தொழில்களில் பல இந்த அமைப்பில்தான் இருக்கின்றன. வயர் இல்லாமல் ரேடியோ அலையால் இரண்டு கட்டடத்தை இணைக்கும் மைக்ரோடிக் நிறுவனத்தின் வயர்லெஸ் வயர் கியூப் இப்படியான இடத்துக்கென்றே செய்த பொருள்.

பெட்டிக்குள் இரண்டு சிறிய கருவிகள் சோடியாக வருகின்றன. ஒன்றையொன்று அறிமுகப்படுத்தி, கடவுச்சொல்லும் இட்டுத்தான் அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு ரேடியோ: 802.11ஏடி என்ற வைஃபை நியமத்தில் 60 கிகாஹேர்ட்ஸ் ஒன்று, அது விழுந்தால் தாங்குவதற்கு 5 கிகாஹேர்ட்ஸ் ஒன்று. எட்டும் தூரம் 800 மீற்றர் என்பது உற்பத்தியாளரின் கணக்கு. வன்னிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது, காரணம் கீழே வரும்.

வேகத்தைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. வானம் வெளித்திருக்கும் நாளில் 450 மீற்றரில் கிகாபிட் வயர் இழுத்ததுபோலவே ஓடும். விற்பவர் எல்லோரும் காட்டுவது அதைத்தான். வாங்குபவர் பார்க்கவேண்டியது வேறு: 60 கிகாஹேர்ட்ஸ் அலைக்கற்றை அறுந்த அந்த நேரத்தில் என்ன நடக்கிறது, மிஞ்சுகிற சிறிய பாதையில் யார் முதலில் போகிறார், யார் நிற்கிறார். இதைத் தீர்மானிக்காமல் பூட்டிய சோடி, கார்த்திகை மாத மழையில் பில் கணினியை நிறுத்திவிட்டுக் கமெராப் படத்தை ஏற்றிக்கொண்டிருக்கும்.

60 கிகாஹேர்ட்ஸில் அலைநீளம் 5 மில்லிமீற்றர். இந்த அலை எல்லாப் பக்கமும் பரவாது, கைவிளக்கின் ஒளிபோல ஒரு திசையில் கற்றையாகப் போகும். எந்தத் திசையில் அனுப்பினால் மற்றது நன்றாகக் கேட்கிறது என்பதைக் கருவி தானே ஒவ்வொரு பிரிவாக வீசிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும். எந்தக் கோபுரத்திடமும் கேட்காமல் இரண்டு கருவிகள் நேருக்கு நேர் பேசிக்கொள்வதால், கற்றை அறுந்ததைக் கண்டுபிடிப்பதும் மாற்றுவழி எடுப்பதும் அவற்றின் பொறுப்பே. மேலிருந்து பார்த்து ஒழுங்குபடுத்த ஆள் இல்லை.

வன்னியில் கற்றையை அறுப்பவை மூன்று. மழை, பனை, கம்பம். மூன்றும் ஒரே மாதிரி அறுப்பதில்லை, மருந்தும் ஒன்றல்ல.

முதலில் மழை. வெறுங்காற்றிலேயே ஒக்சிசன் இந்த அலையை உறிஞ்சுகிறது. 60 கிகாஹேர்ட்ஸை ஒட்டி கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 15 டெசிபல் (சிக்னல் மெலிவதை அளக்கும் அலகு; 10 போனால் பத்திலொன்றுதான் மிஞ்சும்). அதற்கு மேல் மழை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் சூத்திரப்படி, மணிக்கு 25 மில்லிமீற்றர் வீதம் பெய்தால் கிலோமீற்றருக்குச் சுமார் 10 டெசிபல், 50 என்றால் 17, 100 என்றால் 29. வாடைக் காற்றோடு நாள்முழுக்கப் பெய்யும் மாரிமழை பெரும்பாலும் கற்றையை அறுக்காது, மெலிய வைக்கும். அறுப்பது பருவம் மாறும் காலத்தில் பின்னேரம் இடியோடு அரைமணி நேரம் கொட்டும் மழை.

450 மீற்றருக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 100 மில்லிமீற்றர் வீதத்தில் மழையால் போவது 13 டெசிபல். 802.11ஏடி நியமம் ஆகக் குறைந்த தரவுப்படிக்குக் கேட்கும் உணர்திறன் −68 டெசிபல்-மில்லிவாட் (எண் பூச்சியத்துக்குக் கிட்ட வர வர சிக்னல் பலம்). ஆகவே வறண்ட நாளில் சிக்னல் −55 இலோ அதைவிட நல்ல அளவிலோ நின்றால்தான் அந்த மழையைத் தாங்கும் இருப்பு இருக்கிறது. −60 இலேயே 'லிங்க் வந்திட்டுது, வேகமும் வருகுது' என்று ஏணியிலிருந்து இறங்குபவர் ஐப்பசியில் திரும்பவும் ஏறவேண்டி வரும்.

அதே கருவியை 800 மீற்றரில் வைத்தால்? தூரத்தால் 5 டெசிபல், ஒக்சிசனால் 5, அதே மழையால் இன்னும் 10. மொத்தம் 20 டெசிபல் கூடுதலாகப் போகிறது. அந்த இருப்பு இந்தச் சிறிய அன்ரனாவில் கிடையாது. வன்னியில் 500 மீற்றருக்கு மேல் இந்தக் கியூபைப் பூட்டவேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. கொஞ்சம் கூடுதலாகப் போயே ஆகவேண்டுமானால் அலைவரிசையை 64,800 மெகாஹேர்ட்ஸுக்கு மாற்றுங்கள். அங்கே ஒக்சிசன் இழப்பு 60,480 இல் உள்ளதில் பாதிக்கும் குறைவு. நாட்டு அமைப்பில் அந்த அலைவரிசைக்கு இடமிருக்கிறதா என்பதையும், கருவிக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் வகை அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் வாங்கும்போதே கடைக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்.

மழையோடு சேர்ந்த இன்னொன்று, முகப்பில் படியும் ஈரம். ஆலை முற்றத்தில் உமித்தூசு பறக்கும். அது கருவியின் பிளாஸ்ரிக் முகத்தில் படிந்திருந்தால் மழைத்தண்ணீர் துளியாக உருண்டு விழாமல் தோல்போலப் பரவி நிற்கும். மழை விட்ட பிறகும் லிங்க் வராமல் இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மாதம் ஒருமுறை ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும். சவர்க்காரத் தூள் போட்டு உரஞ்சினால் முகம் சொரசொரப்பாகி, அதற்குப் பிறகு தண்ணீர் இன்னும் நன்றாக ஒட்டும்.

அடுத்தது பனை. கற்றை ஒரு கோடு அல்ல, நடுவில் பருத்து இரு முனையிலும் ஒடுங்கிய குழாய். 450 மீற்றருக்கு நடுவில் அதன் ஆரை 75 சென்ரிமீற்றர், அதாவது குழாயின் அகலம் ஒன்றரை மீற்றர். விரிந்த ஒரு பனையோலை அந்தக் குழாயின் பெரும்பகுதியை மறைக்கப் போதுமானது. முனைகளுக்குக் கிட்ட இன்னும் மோசம்: கருவியிலிருந்து 20 மீற்றர் தூரத்தில் ஆரை 31 சென்ரிமீற்றர்தான். அங்கே ஒரு வேப்பங்கொப்பே போதும். பச்சை இலைக்குள் தண்ணீர் இருக்கிறது, 60 கிகாஹேர்ட்ஸுக்கு அது சுவர்.

மாரியில் பூட்டினால் இது தெரியவராது. வைகாசி பிறந்து சோளகம் எழும்பினால் ஓலை ஆடத் தொடங்கும். இரண்டு செக்கன் மறைத்து மூன்று செக்கன் திறக்கும், திரும்ப மறைக்கும். மழைபோல ஒரேயடியாக விழுந்து எழும்புவதில்லை, பகல் முழுக்கத் துடித்துக்கொண்டிருக்கும். பாதையில் வடலி நின்றால் இன்று தலைக்குக் கீழே இருக்கிறதே என்று விடவேண்டாம். நான்கைந்து வருடத்தில் அது எங்கே நிற்கும் என்று பார்த்துக் கம்பத்தின் உயரத்தைத் தீர்மானியுங்கள். வெட்டலாமே என்று சொல்வது சுலபம். பனையை வெட்டுவதற்கு அனுமதி தேவை, அதைவிட நல்ல வழி கம்பத்தைப் பத்தடி தள்ளிப் போடுவது.

கம்பம். இரண்டு அங்குல ஜீஐ குழாய், 20 அடி, அடியில் கொங்கிறீற்று. இதை இழுவைக்கம்பி இல்லாமல் நிறுத்தினால் காற்றில் நுனி 10 சென்ரிமீற்றர் போய்வருவது சாதாரணம். குழாய் வளைந்து ஆடுவதால் அந்த 10 சென்ரிமீற்றர் கற்றையை ஏறக்குறைய ஒன்றரைப் பாகை திருப்பும். 450 மீற்றரில் ஒரு பாகை என்பது எட்டு மீற்றர். கியூபின் கற்றை ஓரளவு அகலமானது, தாங்கும். இதே நிறுவனத்தின் தட்டு வடிவக் கருவியைத் 'தூரம் கூட எட்டுமே' என்று அதே கம்பத்தில் ஏற்றினால் தாங்காது. தட்டு பெரிதானால் கற்றை ஒடுங்கும். மூன்று பக்கம் இழுவைக்கம்பி கட்டாயம். வன்னியில் கம்பத்தின் நுனி மயிலுக்கும் குரங்குக்கும் பிடித்த இடம் என்பதையும் மறக்கவேண்டாம். மயில் கருவிக்கு முன்னால் வந்து இருந்தால் தோகையே மறைப்பு. கருவியைக் குழாயின் உச்சியில் வைக்காமல் ஓரடி கீழே இறக்கிப் பூட்டி, உச்சிக்குக் கூம்பு மூடி போட்டால் இருக்க இடம் இராது.

பூட்டும்போது கண்ணால் பார்த்து நேராக்குவது தொடக்கம் மட்டுமே. கருவிக்குள் போய் 60 கிகாஹேர்ட்ஸ் ரேடியோவின் கண்காணிப்புப் பக்கத்தைத் திறந்தால், தெரிவான பிரிவு நடுவிலிருந்து எந்தப் பக்கம் எத்தனை பாகை விலகியிருக்கிறது என்று காட்டும். இடது இரண்டு பாகை, மேல் ஒரு பாகை என்று வந்தால் லிங்க் வேலைசெய்யும். ஆனால் கற்றை ஓரத்தில் நிற்கிறது, காற்றடித்தால் ஒதுங்க இடமில்லை. விலகல் பூச்சியத்துக்குக் கிட்ட வரும்வரை ஆணியைத் தளர்த்தித் திருப்பி இறுக்குங்கள். இறுக்கும்போது ஒரு பாகை திரும்பவும் அசையும், ஆகவே இறுக்கிய பிறகு மறுபடி வாசிக்கவேண்டும். அதே பக்கத்தில் பொதி இழப்பு வீதமும், அதாவது அனுப்பிய தரவுத் துண்டுகளில் எத்தனை வழியில் விழுகின்றன என்பதும் இருக்கிறது. சிக்னலை மட்டும் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் விடுபவர்கள் அதிகம்.

இனி இந்தப் பொருளின் உண்மையான பலமும் பலவீனமும் சேர்ந்திருக்கும் இடம். இரண்டு ரேடியோவும் ஒரே இணைப்புப்போல வேலைசெய்யும் ஒரு பிணைப்புக்குள் இருக்கின்றன: 60 முதன்மை, 5 காத்திருப்பு. 60 விழுந்தால் 5 எடுக்கும், 60 வந்தால் உடனே திரும்பும். அந்த 'உடனே'யில்தான் சிக்கல். பனையோலை ஆடும் நாளில் பிணைப்பும் அதனோடு சேர்ந்து ஆடும். ஒவ்வொரு மாற்றத்திலும் சில பொதிகள் விழும், தொலைபேசிப் பேச்சு வெட்டி வெட்டி வரும், பில் மென்பொருள் சேவையகத்தோடு உள்ள தொடர்பை விட்டுவிடும். பேசாமல் 5 இலேயே நாள்முழுக்க நின்றிருந்தால் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

கைத்தொலைபேசி வலையமைப்புகளின் 5ஜி நியமம் இதே சிக்கலை எப்படிக் கையாள்கிறது என்று பார்த்தால் வழி புலப்படும். 2018 இல் முடிந்த 15ஆவது வெளியீட்டிலேயே கற்றை முறிவுக்கு ஒரு கணக்கு இருக்கிறது: ஒருமுறை மோசமாகக் கேட்டவுடன் முறிந்ததாக எடுப்பதில்லை. மோசமான நிகழ்வுகளை எண்ணும், எண்ணிக்கை அமைத்த வரம்பைத் தொட்டால்தான் முறிவு. வரம்பை 1 முதல் 10 வரை வைக்கலாம். குறித்த நேரத்துக்குள் அடுத்த மோசம் வராவிட்டால் எண்ணிக்கை மீண்டும் பூச்சியம். அதோடு, மாற்றுக் கற்றைக்கு உரிய வேட்பாளர்களும் முன்கூட்டியே தரப்பட்டிருக்கும். கருவிகள் நேரடியாகப் பேசும் பக்க இணைப்பு 16ஆவது வெளியீட்டில் வந்தது. அதில் வளம் பங்கிட இரண்டு முறை: தளநிலையம் பங்கிட்டுக் கொடுப்பது ஒன்று, கருவிகளே அலையைக் கேட்டுப் பார்த்து வெறுமையான இடத்தைத் தெரிவது மற்றது. நம் இரண்டு கம்பமும் இரண்டாவது முறைக்காரர்கள். ஆனால் கியூபுக்கு அப்படி வளத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் புத்தி கிடையாது, எண்ணும் பழக்கமும் இல்லை. இரண்டையும் பூட்டுபவர்தான் கொடுக்கவேண்டும்.

எண்ணும் பழக்கத்துக்கு ஈடாகப் பிணைப்பில் இரண்டு தாமதம் இருக்கின்றன. விழும் தாமதத்தைச் சிறிதாகவும் எழும் தாமதத்தைப் பெரிதாகவும் வையுங்கள். விழும்போது 200 மில்லிசெக்கன், எழும்போது 30 செக்கன் என்பது நல்ல தொடக்கம். அப்போது ஓலை ஆடினால் 60 அரைநிமிடம் தொடர்ந்து நின்று காட்டினால்தான் போக்குவரத்து அதற்குத் திரும்பும். இரண்டு முனையிலும் ஒரே எண்களை இடவேண்டும். ஒரு முனை 60 இலும் மறுமுனை 5 இலும் நின்றால் ஒன்று அனுப்புவதை மற்றது எடுக்காமல் எறிந்துவிடும், லிங்க் இரண்டும் பச்சை காட்டிக்கொண்டே தரவு ஓடாது. கண்காணிப்பு முறையில் எம்ஐஐ, ஏஆர்பி என்று இரண்டு உண்டு. இந்தத் தாமதம் எம்ஐஐ முறைக்கு உரியது, அதையே வையுங்கள். தாமதத்தின் எண் கண்காணிப்பு இடைவெளியின் மடங்காக இருக்கவேண்டும்; இடைவெளி 100 மில்லிசெக்கன் என்றால் 200உம் 30,000உம் சரி.

எம்ஐஐ முறையின் குறையும் சொல்லவேண்டும். அது ரேடியோ இணைந்திருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கும். மழையில் கற்றை மெலிந்து, இணைப்பு நிற்கிறது, ஆனால் பத்தில் இரண்டு பொதி விழுகிறது என்ற நிலையை அது நலமென்றே கொள்ளும். இதற்காக றவுட்டருக்குள் ஒரு சிறு நிரல்: ஐந்து செக்கனுக்கு ஒருமுறை பொதி இழப்பு வீதத்தை வாசித்து, தொடர்ந்து மூன்று தடவை 10 சதவீதத்தைத் தாண்டினால் 60 ரேடியோவை இரண்டு நிமிடம் நிறுத்திவைக்கட்டும். எண்ணிக்கை வரம்பு 3 என்றான கணக்கு. ஒருதடவை என்று வைத்தால் மயில் பறந்தாலும் மாறும்.

இப்போது வளப் பங்கீடு. 60 ஓடும்போது கிகாபிட். 5க்கு விழுந்து, 20 மெகாஹேர்ட்ஸ் அகலத்தில் நின்றால், 802.11ஏசி என்ற வைஃபை நியமத்தில் ஓர் அன்ரனா ஓட்டத்துக்கு ஆகக்கூடிய அலைவேகம் 86.7 மெகாபிட், கைக்கு வருவது அதில் பாதியளவு. 40 மெகாபிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். களஞ்சியத்தில் எட்டுக் கமெரா, ஒவ்வொன்றும் 4 மெகாபிட்: 32. யாராவது ஒரு காணொளியைத் திறந்தால் பாதை நிரம்பிவிட்டது. ஒரு பேச்சுக்கு 100 கிலோபிட்கூடத் தேவைப்படாத தொலைபேசியும், அதைவிடக் குறைவாகக் கேட்கும் பில்லும் வரிசையின் கடைசியில் நின்று இறந்துபோகும்.

ஒழுங்கு இப்படி இருக்கட்டும். யார் முதலில், யாருக்கு எவ்வளவு என்று சொல்லும் வரிசைப் பட்டியல் ஒன்றை முறிவு நேரத்துக்கென்று தனியாக எழுதி, சாதாரண நேரத்தில் அதை அணைத்துவைக்கவேண்டும். தொலைபேசிக்கு 1 மெகாபிட் உத்தரவாதம், முன்னுரிமை 1. பில்லுக்கும் தராசுக்கும் 3 மெகாபிட், முன்னுரிமை 2. அலுவலகக் கணினிகளுக்கு 8 மெகாபிட். கமெராக்களுக்கு எல்லாம் சேர்த்து 10 மெகாபிட் உச்ச வரம்பு. முழுப்படத்தை அந்த 10க்குள் நெரிக்காமல், எட்டும் தத்தம் துணை ஓட்டத்துக்கு, அதாவது குறைந்த தரப் படத்துக்கு மாறட்டும். முழுத் தரப் படம் கமெராவுக்குள் இருக்கும் அட்டையில் பதியட்டும். கூட்டினால் 22, மிச்சம் 18 மெகாபிட் கைவிடப்பட்டதல்ல. மழையில் 5 கிகாஹேர்ட்ஸும் அயலார் வைஃபையோடு மோதிக் கொஞ்சம் குறையும், அதற்கான இருப்பு. 60 இயங்குகிறதா என்று பார்க்கும் அதே நிரல்தான் இந்தப் பட்டியலை ஏற்றி இறக்கவேண்டும்.

இதில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்றுண்டு. கியூப் இரு பக்க வலையமைப்பையும் ஒன்றாக ஒட்டும் பாலமாக வேலைசெய்கிறது. பாலத்தின் ஊடாகப் போகும் போக்குவரத்தைச் சாதாரண வரிசை காணாது, பாலத்தில் ஐபி தீச்சுவரைப் பயன்படுத்தும் அமைப்பை இயக்கினாலன்றி. வரிசையை அழகாக எழுதி வைத்திருப்பார்கள், எண்ணி அசையாமல் பூச்சியத்தில் நிற்கும். வரிசையைக் கியூபில் எழுதாமல், ஆலையில் இணையத்தைப் பங்கிடும் பெரிய றவுட்டரில் எழுதுவது நல்லது. கியூபின் சிறிய மூளைக்கும் சுமை குறையும்.

இதுவரை ஒரு சோடி. ஒரே வளவில் மூன்று சோடி இருந்தால் என்ன நடக்கும் என்பதை யாரும் விற்கும்போது சொல்வதில்லை, இந்தப் பொருளைப் பற்றிச் சொல்லவேண்டியதில் முக்கியமானது அதுதான். ஓலை ஒரு கற்றையை மட்டும் அறுக்கும். மழை எல்லாக் கற்றையையும் ஒரே நிமிடத்தில் அறுக்கும். மூன்று சோடியும் ஒரே நேரத்தில் 5 கிகாஹேர்ட்ஸுக்கு விழும். அலைவரிசையைத் தானியங்கித் தெரிவில், 80 மெகாஹேர்ட்ஸ் அகலத்தில் விட்டிருந்தால் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். வறண்ட நாளில் ஒவ்வொன்றாகச் சோதித்தபோது 5 இல் நல்ல வேகம் காட்டிய அதே மூன்று சோடி, மழையில் ஆளுக்கு மூன்றிலொரு பங்குகூட எடுக்காது.

ஆகவே மாற்றுவழியின் அலைவரிசையை முன்கூட்டியே பங்கிட்டு எழுதிவையுங்கள். 20 மெகாஹேர்ட்ஸ் அகலம் போதும். ஒரு சோடிக்கு 36ஆம் அலைவரிசை, மற்றதுக்கு 149, மூன்றாவதுக்கு 157 என்று விலக்கிக் கொடுங்கள். ராடாருக்கு வழிவிடவேண்டிய நடு அலைவரிசைகளை மாற்றுவழிக்கு எடுக்கவேண்டாம். மின்சாரம் போய் வந்தால் அந்த அலைவரிசையில் ரேடியோ குறைந்தது 60 செக்கன் மௌனமாகக் கேட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்கும், சிலவற்றில் பத்து நிமிடம். இடிமழையில் கற்றையும் மின்சாரமும் சேர்ந்து போவது வன்னியில் புதினமல்ல. 5 ரேடியோ எப்போதும் இணைந்தபடியே காத்திருக்கவேண்டும், 60 விழுந்த பிறகு எழுப்பக்கூடாது.

பாராட்டவேண்டியதைப் பாராட்டவேண்டும். இரண்டு ரேடியோவையும் ஒரே பெட்டிக்குள் வைத்ததால் ஒரே ஏற்றத்தில், ஒரே வயரில் மாற்றுவழியும் கிடைக்கிறது. ஆனால் கம்பம், வயர், மின்சாரம் மூன்றும் பொது. இடி வயர்வழியே வந்தால் இரண்டும் போகும். வெளிப்புறத்துக்கான உலோக உறையிட்ட வயர், நிலத்தொடுப்பு, இரு முனையிலும் மின்னல் காப்பு ஆகியவற்றுக்குச் செலவழிக்கத் தயங்குபவர் இந்தச் சோடியையே வாங்காமல் விடலாம். ஆலைக்காரருக்கு ஒரு நல்ல செய்தி: காலபோக அறுவடை முடிந்து தராசு ஓயாத மாசி, பங்குனியில் வானம் பெரும்பாலும் வெளித்திருக்கும். வேலை கூடிய மாதத்தில் கற்றை அறாமல் நிற்கும்.

பூட்டியவருக்குக் காசு கொடுக்கமுன் ஒரு சோதனை. சாக்கு ஒன்றைத் தண்ணீரில் தோய்த்து, ஓரடிச் சதுரமாக மடித்து, தடியில் கட்டிக் கருவிக்கு ஒரு மீற்றர் முன்னால் பிடியுங்கள். முகத்தோடு ஒட்டிப் பிடித்தால் 5 கிகாஹேர்ட்ஸும் மறைபடும். ஒரு மீற்றரில் 60 இன் குழாய் மெல்லியது, முழுக்க அடைபடும், 5 இன் குழாய் தடித்தது, சுற்றிவரப் போய்விடும். அந்த நேரம் களஞ்சியத்திலிருந்து ஒருவர் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கவேண்டும், கமெரா எட்டும் ஓடவேண்டும், ஒருவர் ஒரு பெரிய கோப்பை இறக்கவேண்டும். பேச்சு ஒரு சொல் அளவு வெட்டுப்பட்டுத் தொடர்ந்தால் சரி. சாக்கை எடுத்ததும் கைக்கடிகாரத்தைப் பாருங்கள், 30 செக்கனுக்கு முன் 60க்குத் திரும்பினால் தாமதம் இடப்படவில்லை. பிறகு சாக்கை இரண்டு செக்கன் வைத்து மூன்று செக்கன் எடுத்து, ஓலைபோல ஒரு நிமிடம் ஆட்டுங்கள்; அந்த நிமிடம் முழுக்க 5 இலேயே நிற்கவேண்டும். வளவில் மூன்று சோடி இருந்தால் மூன்று தடி, மூன்று சாக்கு, மூன்று ஆள் பிடித்து, ஒரே நேரத்தில் மறையுங்கள்.